மழை பெய்தாலும் போகணும்!

1935, மே 13. இங்கிலாந்தின் டார்ஸெட் மாவட்டத்தில் பாவிங்டன் என்று ஒரு ராணுவ முகாம். அங்கே இருந்த தபாலாபீஸ் வாசலில் ஒரு பெரிய மோட்டார் பைக் வந்து நிற்கிறது. இறங்கியவர் குள்ளமான மனிதர். வயது நாற்பத்தாறு. நண்பர் ஒருவரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுத் தந்தி அடிக்க வேண்டும். தந்தி என்றால் வார்த்தைக்கு வார்த்தை காசு ஆயிற்றே! சிக்கனமாக எழுதிக் கொடுக்கிறார். விஷயம் இதுதான்: செவ்வாய்க்கிழமை சாப்பாடு, மழையானாலும் வெயிலானாலும் சரி, என் வீடு பாவிங்டன் முகாமுக்கு வடக்கே ஒரு மைல்.

அந்த 'மழையானாலும் வெயிலானாலும்' என்பதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காசைக் கட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வீடு ஒரு மைல்தான். வழியில் சாலை ஓரிடத்தில் பள்ளமாக இறங்கி ஏறும். பள்ளத்துக்குள் யார் போகிறார்கள் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. அங்கே சைக்கிளில் இரண்டு பையன்கள். பார்த்த மாத்திரத்தில் ஹாண்டில்பாரை ஒடித்தார். பையன்கள் பிழைத்தார்கள். இவர் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஹெல்மெட் கிடையாது. அந்தக் காலத்தில் சாலையில் போகிற யாருமே போடுவதில்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலே கிடந்து, மே 19 அன்று இறந்துபோனார்.

யார் என்று ஊகித்திருப்பீர்கள். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'! முதல் உலகப் போரில் அரபுகளோடு ஒட்டகத்தில் அலைந்து துருக்கியர்களின் ரயில் பாதைகளைத் தகர்த்தாரே, அதே டி.ஈ. லாரன்ஸ். புகழ் பிடிக்காமல், ஷா என்று பேரை மாற்றிக்கொண்டு விமானப்படையில் சாதாரணச் சிப்பாயாகக் காலம் தள்ளினார். (அந்த வேலையில் கொஞ்ச நாள் கராச்சியிலும், வடமேற்கு எல்லையில் மிரான்ஷாவிலும்கூட இருந்திருக்கிறார்.) 1935 பிப்ரவரியில்தான் ஓய்வு.

அவருடைய ஒரே ஆடம்பரம் பைக். நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் ப்ரஃப் என்பவர் தயாரித்த 'ப்ரஃப் சுப்பீரியர்'. மோட்டார் சைக்கிள்களின் ரோல்ஸ் ராய்ஸ் என்று விளம்பரம் செய்யப்பட்ட வண்டி அது. ஒன்றல்ல, இரண்டல்ல, அடுத்தடுத்து ஏழு வாங்கினார். எட்டாவதுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். டெலிவரி எடுக்க ஆள் இல்லை.

இதில் என்ன விசித்திரம் என்றால், வருஷக்கணக்கில் இங்கிலாந்தின் மழையிலும் குளிரிலும் நீண்ட நீண்ட தூரம் ஓட்டிய மனிதர், விழுந்து செத்தது மே மாதத்தில், பட்டப்பகலில், வீட்டுக்குப் பக்கத்தில்.

அது விபத்தே இல்லை, கொலை, கறுப்புக் கார் ஒன்று வந்தது என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. இன்றைக்கும் புத்தகம் போடுகிறார்கள். அது நமக்கு வேண்டாம். கட்டிலில் கிடந்த லாரன்ஸைப் பார்க்க வரவழைக்கப்பட்ட டாக்டர்களில் ஒருவர்தான் நமக்கு முக்கியம். பெயர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியர், மூளை அறுவை நிபுணர். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், இருபத்தோரு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பைக் ஓட்டுகிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, ஓட்டினால் நன்றாக இருக்குமே என்று கிளம்புகிறவர்கள். மேகம் கறுத்தால் வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் ஷெட்டில் விட்டுவிட்டு, பஜ்ஜி போடச் சொல்கிற பாக்கியசாலிகள். இன்னொன்று, போயே தீர வேண்டியவர்கள். மழையோ, பனியோ, கும்மிருட்டோ, 'இன்றைக்கு வரமுடியலை சார்' என்று சொல்ல முடியாதவர்கள். வாகன வரலாற்றில் முதல் ஜாதிக்குத்தான் பெயரும் படமும் அதிகம். இரண்டாவது ஜாதியின் முதல் பெரிய கூட்டம் உருவானது 1914-ல், பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும். அவர்களுக்குப் பெயர் 'டெஸ்பாட்ச் ரைடர்'. அந்தக் காலத்து ராஜாக்களிடம் ஓலை கொண்டு ஓடின ஆள் இருந்தான் இல்லையா, அவனுக்கு பெட்ரோல் ஊற்றினால் டெஸ்பாட்ச் ரைடர்.

போர் தொடங்கியது ஆகஸ்டில். வயர்லெஸ் அப்போது குழந்தை. டெலிபோன் கம்பியை ஒரு குண்டு அறுத்துவிடும். தலைமையகத்தில் இருக்கிற ஜெனரலின் உத்தரவு, முன்னால் நிற்கிற படைக்கு எப்படிப் போய்ச் சேரும்? குதிரைக்காரன் மெதுவாகத்தான் போவான். பைக்! ஆனால் பைக் ஓட்டத் தெரிந்தவர்கள் ராணுவத்தில் எத்தனை பேர்? அதனால் வெளியிலிருந்து ஆள் எடுத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிப் பையன்கள் பலர் தங்கள் சொந்த வண்டியோடு வந்து சேர்ந்தார்கள். வந்தவுடனேயே கார்ப்பொரல் பதவி! வாட்ஸன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் தன் அனுபவங்களை 1915-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார்.

அவர்கள் ஓட்டின வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1915-ல் வந்த டிரையம்ப் 'மாடல் ஹெச்' சுமார் முப்பதாயிரம் போருக்குப் போனது. 550 சிசி. கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோனது செயின் இல்லை, பெல்ட். நம்ம ஊர் மாவு மில்லில் பார்ப்பீர்களே, அந்த மாதிரி. காய்ந்திருக்கும்போது பிரமாதமாக இழுக்கும். நனைந்தால் வழுக்கும். எஞ்சின் பாட்டுக்கு அலறும், வண்டி நகராது. பிரேக்கோ முன்சக்கரத்தில் சைக்கிளுக்கு இருக்கிற மாதிரி ரிம்மைப் பிடிக்கிற கட்டை. மழையில் அது பிடிப்பதும் ஒன்றுதான், பிடிக்காததும் ஒன்றுதான். விளக்கு? கார்பைடு விளக்கு! கல்லின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து, அதில் கிளம்புகிற வாயு எரிய வேண்டும். கடும் குளிரில் அந்தத் தண்ணீரே உறைந்துவிடும். எதிரிக்குப் பக்கத்தில் போய்விட்டால் அந்த விளக்கையும் ஏற்றக்கூடாது.

சாலையைக் கேளுங்கள். பிளாண்டர்ஸ் பகுதியில் நடுவில் மட்டும் கருங்கல் பாவியிருக்கும். அதுவும் முதுகு மாதிரி மேடாக. இரண்டு பக்கமும் சேறு. மழை பெய்தால் கல் சோப்புக்கட்டி. எதிரே ராணுவ லாரிகள் வரிசையாக வந்தால், கல்லை விட்டுச் சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்குவது சுலபம், ஏறுவது? விழுந்து, தூக்கி, தள்ளி, மறுபடி விழுந்து... பையில் இருப்பது ஒரு துண்டுக் காகிதம். அது போய்ச் சேராவிட்டால் ஆயிரம் பேர் தப்பான இடத்தில் நிற்பார்கள். சில சமயம் முதுகில் கூடை வேறு. கூடைக்குள் புறாக்கள்! முன்வரிசைக்குப் புறாக்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால், திரும்பும் செய்தியை அவை கொண்டுவரும். 1917-ல் பாஷண்டேல் யுத்தத்தில் மனிதர்களையே விழுங்கின சேறு, பைக்கையா விட்டுவைக்கும்? ஆனால் புறா அதன் மேலே பறந்தது. எஞ்சினை நம்பி புறாவையும், புறாவை நம்பி எஞ்சினையும் வைத்துக்கொண்டு நடந்த போர்!

தலையில் என்ன போட்டுக்கொண்டு ஓட்டினார்கள்? துணித் தொப்பி. மேலே கண்ணாடி. அவ்வளவுதான். இரும்புத் தொப்பி வந்தது பின்னால். அதுவும் வானத்திலிருந்து விழுகிற சில்லுகளுக்காக. சாலையில் விழுகிற தலைக்காக அல்ல.

'ஹெல்மெட்டே அப்போது கண்டுபிடிக்கவில்லை போலிருக்கு' என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! போர் தொடங்குவதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பு, 1914 மே மாதத்தில், ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த டிடி பந்தயத்தில் ஹெல்மெட் கட்டாயம். புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலின் டாக்டர் எரிக் கார்ட்னர், இரண்டு வாரத்துக்கு ஒருவராகத் தலையில் அடிபட்டு வருகிற ஓட்டுநர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், லண்டனில் பெத்னல் கிரீன் என்ற பகுதியில் இருந்த ஒருவரிடம் கான்வாஸும் அரக்கும் சேர்த்துத் தொப்பி செய்யச் சொன்னார். பந்தயச் சங்கம் முதலில் 'போய்யா' என்றது. பிறகு ஒப்புக்கொண்டது. ஓட்டுநர்கள் கூச்சல் போட்டார்கள். கார்ட்னர் 94 ஹெல்மெட்டுகளைத் தூக்கிக்கொண்டு தீவுக்கே போனார். பந்தயத்தில் ஒருவர் போய் கேட்டில் மோதினார். பிழைத்தார். வழக்கமாக பந்தயம் முடிந்தால் மூளை அதிர்ச்சி கேஸ்கள் சுவாரஸ்யமாக நாலைந்து வருமே, இந்த வருஷம் ஒன்றுகூட வரவில்லையே என்று அந்தத் தீவின் டாக்டர் குறைப்பட்டுக்கொண்டதாகக் கேள்வி.

ஆக, மே மாதத்தில் விடை தெரியும். ஆகஸ்டில் அதே மாதிரி வண்டியில், அதைவிட மோசமான சாலையில், மழையில், இருட்டில் போகிற பையன்களுக்குத் துணித் தொப்பி.

ஏன்? நான் புரிந்துகொண்டவரை காரணம் எளிமையானது. பந்தயம் என்றால் ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். வேகம் கண்ணுக்குத் தெரிகிறது. வேலைக்குப் போகிறவன் ஓட்டுவது ஆபத்தாகத் தெரியவில்லை. அவன் ஓட்டவில்லை, 'போகிறான்'. அவ்வளவுதான். இருபத்தேழு வருஷம் இந்த வித்தியாசத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை.

இப்போது இரண்டாவது உலகப் போருக்கு வாருங்கள்.

வண்டிகள் முன்னேறிவிட்டன. பெல்ட் போய் செயின் வந்துவிட்டது. மின்சார விளக்கு வந்துவிட்டது. பிஎஸ்ஏ நிறுவனம் 'எம்20' என்ற 500 சிசி வண்டியை மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியது. எடை 160 கிலோவுக்கு மேல். யானை மாதிரி. வேகமாகப் போகாது, ஆனால் சாகாது. எதிரித் தரப்பில் ஜெர்மானியர்களின் பிஎம்டபிள்யூ ஆர்75, சைட்காரோடு சேர்த்து 420 கிலோ. சைட்காரின் சக்கரத்தையும் எஞ்சினே சுழற்றும். அதை ஆப்பிரிக்க மணலுக்கும் அனுப்பினார்கள், ரஷ்யப் பனிக்கும் அனுப்பினார்கள். மணலுக்காக ஏர் ஃபில்டரைத் தூக்கிப் பெட்ரோல் டாங்க் மேலே வைத்தார்கள். 1941 அக்டோபரில் ரஷ்யாவில் மழைக்காலச் சேறு வந்தபோது ஃபில்டராலும் சக்கரத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. மோட்டார் சைக்கிள் படைக்குப் பதிலாக நீரிலும் நிலத்திலும் போகிற குட்டிக் காரைத் தேட ஆரம்பித்தார்கள்.

நாம் இங்கிலாந்தை விட்டு நகர வேண்டாம். ஏனென்றால் இந்தக் கதையில் சாவு அதிகம் நடந்தது போர்க்களத்தில் அல்ல. உள்ளூரில்.

1939 செப்டம்பர் 1 முதல் பிரிட்டன் முழுக்க இருட்டடிப்பு. தெருவிளக்கு கிடையாது. வண்டி விளக்குக்கு மூடி போட்டு, சின்னக் கீறல் வழியே ஒழுகுகிற வெளிச்சம் மட்டும். விளைவு? சாலை மரணங்கள் ஏறின. பெட்ரோல் ரேஷன், காரை எடுக்கவே ஆளில்லை, ஆனாலும் 1939-ல் 8,272 பேர், 1940-ல் 8,609, 1941-ல் 9,169. எதிரி குண்டு போடாமலே!

போதாததற்கு அந்த முதல் குளிர்காலம். 1940 ஜனவரி மாதிரி ஒரு குளிரை 1895-க்குப் பிறகு பிரிட்டன் பார்த்ததில்லை. தேம்ஸ் நதியே சில இடங்களில் உறைந்தது. மாதக் கடைசியில் தென் இங்கிலாந்தில் ஒரு விபரீத மழை. விழுகிற தண்ணீர், தொட்ட இடத்தில் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். சாலை, மரம், கம்பி எல்லாவற்றுக்கும் பனிக்கட்டி உறை. எடை தாங்காமல் டெலிபோன் கம்பிகள் அறுந்து விழுந்தன. டெலிபோன் இல்லையென்றால் செய்தியை யார் கொண்டுபோவது? எந்தச் சாலையில் நடக்கவே முடியாதோ, அந்தச் சாலையில் இரண்டு சக்கரத்தில் ஒருவனை அனுப்ப வேண்டிய நிலை.

இன்னொரு வேடிக்கை (வேடிக்கை என்று நாம் சொல்லலாம், அவன் சொல்லமாட்டான்). போர் தொடங்கியதும் வானிலை அறிக்கையை நிறுத்திவிட்டார்கள். நாளைக்கு மழை என்று ரேடியோவில் சொன்னால் ஜெர்மன் விமானியும் கேட்பானே! ஆக, வானிலை ராணுவ ரகசியம். 1940 கோடையில், எதிரி வந்து இறங்கிவிட்டால் அவனுக்கு வழி தெரியக்கூடாது என்று, ஊர்ப்பெயர்ப் பலகைகளையும் கைகாட்டி மரங்களையும் பிடுங்கிவிட்டார்கள். டெஸ்பாட்ச் ரைடருக்கு வெளிச்சம் இல்லை, வழிகாட்டி இல்லை, மழை வருமா என்று தெரியாது. ஆனால் விடியற்காலைக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

பெண்களும் இருந்தார்கள். கடற்படையின் பெண்கள் பிரிவான 'ரென்'களில், போட்டிகளில் பைக் ஓட்டிப் பழகியவர்களைத் தேடிப் பிடித்து முதலில் சேர்த்தார்கள். 1941-ல் பிளிமத் துறைமுகத்தில் குண்டுமழை பெய்துகொண்டிருந்தபோது ஒரு ரென், வண்டி நாசமானதும் அதைப் போட்டுவிட்டு, பையோடு ஓடிப்போய்ச் செய்தியைச் சேர்த்தார். பதக்கம் கிடைத்தது. பைக் ஓட்டுகிற பெண்ணைப் பார்த்து மூக்கைச் சுளித்த ஊர், அதற்கப்புறம் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டது.

இந்தக் கட்டத்தில்தான் நம்ம டாக்டர் மறுபடி வருகிறார்.

ஹியூ கெய்ர்ன்ஸ். 1896-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். முதல் போரில் ராணுவ மருத்துவர். பிறகு அமெரிக்கா போய், மூளை அறுவையின் பிதாமகர் ஹார்வி குஷிங்கிடம் பாடம். 1937-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். போர் வந்ததும் அங்கே இருந்த பெண்கள் கல்லூரியான செயின்ட் ஹியூஸைத் தலைக்காயத்துக்கான ராணுவ ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். பதின்மூவாயிரம் பேருக்கு மேல் அங்கே சிகிச்சை. அதற்கு ஊழியர்கள் வைத்த செல்லப்பெயர் 'நட்கிராக்கர் ஸூட்'. பாலே இசையின் பெயர்தான், ஆனால் இங்கே உடைந்தது பாதாம் கொட்டை அல்ல, மண்டை. டாக்டர்களின் நகைச்சுவையே தனி.

லாரன்ஸின் மரணம் கெய்ர்ன்ஸின் மனசை உலுக்கியது, அதனால்தான் ஹெல்மெட் ஆராய்ச்சியில் இறங்கினார் என்று பின்னாளில் அவரைப் பற்றி எழுதிய டாக்டர்கள் சொல்கிறார்கள். சினிமாவுக்குப் பொருத்தமான காட்சி. உலுக்கியிருக்கலாம். ஆனால் லாரன்ஸ் செத்தது 1935. கெய்ர்ன்ஸின் கட்டுரை வந்தது 1941. ஆறு வருஷம்! ஒரு பிரபலத்தின் சாவு ஒரு கேள்வியைக் கிளப்பலாம். பதிலுக்குக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைக் கொடுத்தவர்கள், சாலையோரம் விழுந்து கிடந்து ஸ்ட்ரெச்சரில் வந்த பெயர் தெரியாத பையன்கள்.

நான் பி.காம். படித்தவன். கணக்கைப் பார்த்தால் கை பரபரக்கும். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், 1941 அக்டோபர் 4. கெய்ர்ன்ஸ் கொடுக்கிற முதல் எண்கள் இவை: போருக்கு முந்தைய 21 மாதங்களில் சாலையில் இறந்த மோட்டார் சைக்கிள்காரர்கள், பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் 1,884 பேர். போரின் முதல் 21 மாதங்களில் 2,279 பேர். 21 சதவீதம் அதிகம். வகுத்துப் பாருங்கள். மாதத்துக்கு நூறு பேருக்கு மேல். தினம் மூன்று, நான்கு பேர். இதில் சாதாரண ஜனங்களும் உண்டு, ராணுவத்தினரும் உண்டு. ஆனால் பெட்ரோல் ரேஷனில் சாதாரண ஜனங்கள் வண்டியை மூடிப்போட்டு வைத்திருந்த காலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எதிரியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, பயிற்சி கொடுத்துத் தயார் செய்த ஆட்களை ராணுவம் உள்ளூர்ச் சாலையில் இழந்துகொண்டிருந்தது. எந்தக் கம்பெனி ஆடிட்டரும் இந்த பாலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடமாட்டார்.

இன்னொரு எண்ணும் அதில் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஏழு. விபத்து நடந்தபோது ஹெல்மெட் போட்டிருந்ததாக கெய்ர்ன்ஸ் கண்டுபிடிக்க முடிந்தவர்கள் மொத்தம் ஏழே பேர். அவ்வளவு பேருக்கு மத்தியில் ஏழு! ஏழு பேரும் பிழைத்தார்கள்.

ஏழு பேரை வைத்து ஒரு முடிவுக்கு வரலாமா? புள்ளியியல் வாத்தியார் கண்டிப்பாக முட்டை போடுவார். கெய்ர்ன்ஸுக்கும் அது தெரியும். ஆனால் அவருக்கு வேறு ஒரு பலம் இருந்தது. ராணுவத்துக்கே அவர்தான் மூளை அறுவை ஆலோசகர். சொன்னால் கேட்பார்கள். கட்டுரை வந்தது அக்டோபரில். நவம்பரில் உத்தரவு: பணியில் பைக் ஓட்டும் ராணுவத்தினர் எல்லோரும் ஹெல்மெட் அணிய வேண்டும்.

அதோடு விட்டிருந்தால் இது வெறும் உத்தரவு. கெய்ர்ன்ஸ் விடவில்லை. ஹோல்போர்ன் என்ற இயற்பியல்காரரைச் சேர்த்துக்கொண்டார். இந்த மனிதர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து ஜெல்லி செய்துகொண்டிருந்தார். சாப்பிட அல்ல. மண்டைக்குள் மூளை எப்படிக் குலுங்குகிறது என்று பார்க்க, ஜெலட்டின் கட்டியில் மாதிரி செய்து சுழற்றிப் பார்த்தார். தலை சட்டென்று திரும்பும்போது உள்ளே இருப்பது கூடவே திரும்பாமல் பின்தங்குகிறது, அந்த இழுப்பில்தான் கிழிகிறது என்று காட்டினார். 1943-ல் இருவரும் சேர்ந்து, ஹெல்மெட் போட்டிருந்து விபத்துக்குள்ளான 106 பேரைப் பரிசோதித்து எழுதினார்கள். ரப்பரில் செய்த ஹெல்மெட், கூழில் செய்த ஹெல்மெட் என்று இரண்டு ரகத்தையும் ஒப்பிட்டார்கள். தலைக்குப் போக வேண்டிய அடியை ஹெல்மெட் வாங்கிக்கொள்ள வேண்டும். உடைந்த ஹெல்மெட் வேலை செய்த ஹெல்மெட்.

1946-ல் கடைசிக் கட்டுரை. போர் முழுவதுக்குமான மரணங்களை மாதா மாதம் கோடு போட்டுக் காட்டினார். 1941 நவம்பருக்குப் பிறகு கோடு படிப்படியாக இறங்குகிறது. குளிர்காலம் நின்றுவிடவில்லை. மழை நின்றுவிடவில்லை. போவதும் நிற்கவில்லை. சாதாரண ஜனங்களும் போட்டுக்கொண்டால் உயிர் மிச்சம், வேலை நாள் மிச்சம், ஆஸ்பத்திரியின் நேரம் மிச்சம் என்று எழுதினார். டாக்டருக்குள்ளும் ஒரு கணக்குப்பிள்ளை!

அரசாங்கம் கேட்டதா? ராணுவம் ஒரு மாதத்தில் கேட்டதை, பிரிட்டிஷ் பார்லிமென்ட் கேட்க இருபத்தேழு வருஷம் ஆயிற்று. 'என் தலை, என் உரிமை' என்று வாதம் நடந்தது. 1973 ஜூன் 1 அன்றுதான் எல்லோருக்கும் கட்டாயம். தலைப்பாகை கட்டுகிற சீக்கியர்களுக்கு 1976-ல் விலக்கு. கெய்ர்ன்ஸ் 1952-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நம்ம ஊருக்கும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி உண்டு. போரில் பாராசூட்டோடு கீழே போடுவதற்கென்றே ஒரு குட்டி வண்டியைச் செய்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்தது. இந்திய ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு ஒரு முரட்டு வண்டி தேவைப்பட்டது. 'புல்லட்' திருவொற்றியூருக்கு வந்தது. வங்காள விரிகுடாவின் உப்புக்காற்றில் பூட்டிய வண்டி, இமயமலைப் பனிக்குப் போனது. 1970-ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே மூடப்பட்டது. திருவொற்றியூரில் 'டப் டப்' சத்தம் நிற்கவில்லை.

வண்டி 1955-ல் வந்தது. ஹெல்மெட்? மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் 129-ம் பிரிவாகச் சொன்னது. தமிழ்நாட்டில் 2007 ஜூனில் கட்டாயம் என்றார்கள். கொஞ்ச நாள் போலீஸ் மடக்கியது, அப்புறம் தளர்ந்தது. 2015 ஜூலை 1 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால், பின்சீட்டில் இருப்பவர் உள்பட எல்லோருக்கும் மறுபடி கட்டாயம். ஜூன் கடைசி வாரம் கடைகளில் என்ன கூட்டம்! தீபாவளி ஜவுளிக்கடை தோற்றது. விலையும் ஏறியது.

இன்றைக்கு நம் டெஸ்பாட்ச் ரைடர் யார்? நவம்பர் மாதம், வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர், ராத்திரி பத்து மணி. நீங்கள் வீட்டுக்குள்ளிருந்து போனில் பிரியாணி ஆர்டர் செய்கிறீர்கள். சாலையில் குழி எங்கே என்று தெரியாமல், முதுகில் பெட்டியோடு ஒருவர் கிளம்புகிறார். அன்றைக்குக் கூடையில் புறா, இவர் பெட்டியில் பிரியாணி. அவரைக் கேட்டுப் பாருங்கள், மழையில் ஹெல்மெட்டைப் பற்றி ஒரு நியாயமான புகார் சொல்வார்: 'வைசர்ல ஆவி புடிச்சுக்குது சார், ஒண்ணுமே தெரியலை.' உண்மைதான். மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. அதனாலேயே மழை வந்தால் கழற்றி டாங்க் மேல் வைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். கழற்ற வேண்டாம். வைசரை ஒரு விரல் அளவு மட்டும் தூக்கி வைத்தால் காற்று உள்ளே போய் ஆவி கலைந்துவிடும். முகத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெறிக்கும், அவ்வளவுதான்.